முப்பத்தேழு சிப்பம்

கொள்முதல் நிலைய வாசலில்
புரட்டாசியில் வந்து இரண்டு கம்பம் நட்டார்கள்.
கம்பத்துக்கு ஒன்றாய்ச்
சாப்பாட்டுத் தட்டளவு வெள்ளைப் பலகை.
ஒவ்வொரு சிப்பத்தின் தையலிலும் ஒரு சீட்டு,
பஸ் டிக்கெட்டைவிடச் சின்னது.
உள்ளே மடித்து மடித்து ஓடும் அலுமினியக் கோடு,
நடுவில் கடுகில் பாதி சில்லு.

பேட்டரி எங்கே என்றேன்.
கிடையாது சார் என்றாள் ஜெசிந்தா,
திருச்சியிலிருந்து மடிக்கணினியோடு வந்தவள்.
பலகை அலை வீசும்.
அந்த அலையிலேயே ஒரு மிடறு எடுத்துக்கொண்டு
சீட்டு விழிக்கும், தன் எண்ணைச் சொல்லும்.
லாரி தாண்டியதும் பழையபடி செத்துக் கிடக்கும்.
கேட்டால் உடனே பதில் சொல்கிற ஜென்மம்.
எங்கள் மண்டல ஆபீசில் அப்படி ஒன்று
நான் பார்த்ததில்லை.

இருநூற்று நாற்பதும் ஒன்றாய்க் கத்தினால்?
அதற்கும் டோக்கன் உண்டாம்.
ஆளுக்கொரு எண்ணை நினைத்துக்கொள் என்கிறது பலகை,
நான் சொல்லச் சொல்ல ஒன்று ஒன்றாய்க் குறை,
பூஜ்யம் ஆனவன் பேசு.
இரண்டு பேர் சேர்ந்து பேசிவிட்டால்
வேறு எண் எடுத்து வரிசைக்குப் போ.
மூணு செகண்டுல முடிஞ்சிரும் சார்.

வெளியே
நூற்றுப் பதினோராம் டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு
ஒன்பதாம் நாளாகத்
தன் குறுவையைக் கிளறிக்கொண்டிருந்தாள் செங்கமலம்.
ஈரம் பதினெட்டரை.
பதினேழுக்கு மேல் வாங்க எனக்கு உத்தரவில்லை.
கோரையாற்றுப் பாலத்து ரோட்டில் பரப்பி,
பஸ்சுக்கு ஒதுக்கி, மறுபடி பரப்பி,
மூன்றாம் நாள் அள்ளிக்கொண்டு வந்தாள்.
பதினாறு புள்ளி எட்டு. எழுதினேன்.

பிறகு ஐப்பசி.
அட்டி ஐந்து, தார்ப்பாய் மூன்று.
லாரி பத்தொன்பது நாள் வரவில்லை.

வந்த அன்று
கம்பங்களுக்கு நடுவே மெதுவாய் ஊர்ந்தது.
திரையில் இருநூற்று மூன்று.
பின்னால் எடுத்து மறுபடி விட்டோம். இருநூற்று மூன்று.
முப்பத்தேழு எங்கே என்றார் மேலாளர் போனில்.
அந்த 'எங்கே'க்குள்
ஏற்கனவே ஒரு திருடன் உட்கார்ந்திருந்தான்.
பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்:
இருநூத்தி நாப்பது. என் கழுத்துக்குத் தெரியும்.

இறக்கினோம். எண்ணினோம்.
கழுத்து சொன்னதுதான்.
பேசாத முப்பத்தேழும்
அட்டியின் அடிவரிசை.
ஜெசிந்தா ஒன்றை அழுத்தினாள், விரல் நனைந்தது.
தண்ணி அலையைக் குடிச்சிரும் சார்,
சீட்டுக்கு மிச்சம் வைக்காது.

நம்பாத என் சட்டைப் பையில் ஒரு சீட்டைச் செருகி
நடங்க என்றாள்.
நடந்தேன். திரை சும்மா இருந்தது.
கையைத் தள்ளி நீட்டிப் பிடித்து நடந்தேன்.
எண் வந்தது.
நீங்களும் பாதிக்கு மேல தண்ணிதான் சார்.
பக்கிரிசாமி ரொம்ப நேரம் சிரித்தார்.

ஒரு சிப்பத்தில்
சணல் கண்ணுக்குள்ளிருந்து
சீட்டை ஒட்டி வெளியே வந்திருந்தது முளை.
பதிவேட்டில் புரட்டிப் பார்த்தேன்:
முப்பத்தேழில் பதினொன்று செங்கமலத்தினுடையது.
ஈரமானியில் ஒரு பிடி போட்டேன்,
அவளுக்கு அளந்த அதே மானி.
இருபத்து நான்கு.

படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்:
சீட்டு இல்லை. சீட்டு கிழிந்தது. சிப்பம் இல்லை.
கிழிஞ்சதுன்னு போடுய்யா என்றார் மேலாளர்.
போட்டேன்.
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
இருபத்து நான்கு என்றும் எழுதினேன்.
அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

கிளம்பும்போது ஜெசிந்தா சொன்னாள்:
சீட்டுக்கும் சாக்குக்கும் நடுவுல
விரல் கனத்துக்கு ஒரு பஞ்சு வைச்சுட்டாப் போதும் சார்,
அடுத்த சம்பாவுக்கு
நனைஞ்சிருந்தாலும் படிச்சிரும்.

வைக்காதே என்று சொல்லத் தோன்றியது.
அவள் என்னைக் கேட்கவில்லை.
நான் பேசவில்லை.